காடைக்கு என்ன சாமான் வாங்குவது? வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் காடையைப் பற்றித்தான். அதிலும் நோய், விற்பனை என்பதைவிட, எதை வாங்குவது, எங்கே கற்றுக்கொள்வது என்ற கேள்விகளே அதிகம். அதனால் இந்த முறை கோழி, ஆடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, காடைக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ராசிபுரம் பக்கத்தில் காடைப் பண்ணை நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியைக் கூண்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் குஞ்சுகள் அதிகம் சாவது முதல் இரண்டு வாரத்தில். அந்த இரண்டு வாரத்துக்கு வேண்டியதை முதலில் வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அக்கா, வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட சின்ன அறை இருக்கிறது. 100 காடைக் குஞ்சு வாங்கி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் ஆறு அடுக்குக் கூண்டு ஒன்றைக் காட்டி, இதை வாங்கினால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
– ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகி

இப்போது வேண்டாம். நாள் குஞ்சு, அதாவது பொரித்து ஒரே நாளான குஞ்சு, எவ்வளவு எடை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏழு, எட்டு கிராம்தான். உள்ளங்கையில் நாலைந்தை வைக்கலாம். அந்தக் கூண்டுக் கம்பியில் விட்டால் கால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், இடுக்கு வழியாகக் குஞ்சே வெளியே வந்துவிடும். மூன்றாவது வாரத்தில்தான் அந்தக் கூண்டுக்கு வேலை.

முதலில் உங்களுக்கு வேண்டியது புரூடர், அதாவது குஞ்சைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டி. 100 குஞ்சுக்கு மூன்று அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பெட்டி இருந்தால் இரண்டு வாரம் தாராளமாகப் போகும். பிளைவுட் போதும். அடிப்பாகத்துக்குக் கால் அங்குல வலை அடித்து, முதல் ஒரு வாரம் அதன்மேல் சணல் சாக்கையோ நெளி அட்டையையோ விரித்துவிடுங்கள். செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள். வழவழப்பில் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். அப்படி விரிந்த குஞ்சு எழுந்து தீவனத்துக்கு வராது, இரண்டே நாளில் போய்விடும். சாக்கை விரித்து அதன்மேல் முதல் நாள் கொஞ்சம் தீவனத்தைத் தூவிவிட்டால், கொத்திக் கொத்திப் பழகிக்கொள்ளும்.

அடுத்தது சூடு. முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். கடைக்குப் போய் வெறுமனே 'பல்பு' என்று கேட்டால் எல்இடி பல்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. பழைய குண்டு பல்பு 60 வாட்டில் இரண்டு கிடைத்தால் 100 குஞ்சுக்குச் சரியாக இருக்கும். கிடைக்கவில்லையென்றால் கோழிப் பண்ணைச் சாமான் விற்கும் கடையில் அகச்சிவப்பு பல்பு கேளுங்கள். வெளிச்சமே வராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரும் வருகிறது. அதற்குப் பிளாஸ்டிக் ஹோல்டர் போடக் கூடாது, உருகிவிடும். பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். எந்த பல்பாக இருந்தாலும் ஒரு ஓரமாகத் தொங்கவிடுங்கள், நடுவில் வேண்டாம். ஒரு பக்கம் சூடாகவும் எதிர்ப் பக்கம் கொஞ்சம் ஆறியும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சே பார்த்துக்கொள்ளும். பல்பு ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுங்கள். சாக்கின்மேல் பல்பு விழுந்தால் தீப்பிடித்துவிடும்.

தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதைச் சுவரில் மாட்டாமல் குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தடவை புரூடரை எட்டிப் பாருங்கள். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் சூடு போதவில்லை. அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துவிடும். நாலு ஓரமும் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். அங்கங்கே பரவி, சில கழுத்தை நீட்டித் தூங்கி, சில தீவனத்தில் நின்றால், நீங்களும் போய்த் தூங்கலாம். அப்படித் தூங்கும் குஞ்சுகளைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பயந்து கடிதம் எழுதியவர்கள் உண்டு. மெல்லத் தொட்டால் எழுந்துகொள்ளும்.

மாடி அறை என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஷீட் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் பகலில் பல்பே தேவைப்படாது, இரவில் மட்டும் போடும்படி ஆகும். அதே ஷீட் மார்கழியில் விடியற்காலை சில்லென்று இருக்கும். அதனால் பல்பை அணைக்கிற வேலையையும் போடுகிற வேலையையும் காலண்டரைப் பார்த்துச் செய்யாமல், தெர்மாமீட்டரையும் குஞ்சையும் பார்த்துச் செய்யுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை! வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் புரூடருக்கு ஒரு லைன் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் புரூடருக்குள் வைத்து, மேலே பாதிக்குச் சாக்கைப் போட்டு மூடினால் ஒரு மணி நேரத்தைச் சமாளிக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும். மண்பானையில் கரி நெருப்பு போட்டுச் சூடு தருகிற பண்ணைகளும் உண்டு. அது காற்றோட்டமுள்ள பெரிய கொட்டகைக்கு ஒத்துவரும். உங்கள் சின்ன அறையில் செய்யவே செய்யாதீர்கள், கரிப் புகை குஞ்சுக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது.

இந்தச் சாமான்கள் எல்லாம் வாங்கிய பிறகு பணம் மிஞ்சினால், இரண்டு வாரம் கழித்துக் கூண்டைப் பற்றி யோசியுங்கள்.

குஞ்சுகள் தண்ணீர் டப்பாவில் விழுந்து சாகின்றன. நேற்று மட்டும் ஆறு போய்விட்டது. என்ன செய்வது?
– மணப்பாறை வாசகர்

கோழிக் குஞ்சுக்கு வைக்கும் டப்பாவை வைத்திருப்பீர்கள். அதன் விளிம்பில் இருக்கும் தண்ணீர் காடைக் குஞ்சுக்குக் கிணறுதான். இன்றைக்கே அந்த விளிம்பு முழுக்கக் கோலிக்குண்டையோ, கழுவிய கூழாங்கல்லையோ நிரப்புங்கள். கல்லுக்கு நடுவில் தெரிகிற தண்ணீரை மட்டும் அலகால் தொட்டுக் குடிக்கும்படி இருக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆனதும் கல்லை எடுத்துவிடலாம். கல்லைத் தினமும் கழுவ வேண்டும், இல்லையென்றால் பாசி பிடித்து வழுக்கும். காடைக்கென்றே குறுகலான விளிம்போடு சின்ன டப்பா விற்கிறார்கள், அடுத்த தடவை அதை வாங்குங்கள். டப்பாவைப் பல்புக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், தண்ணீர் சுட்டுவிடும். நனைந்த குஞ்சு கண்ணில் பட்டால் உடனே துணியால் ஒற்றி, பல்புக்குப் பக்கத்தில் விடுங்கள். பாதிக் குஞ்சு முழுகிச் சாவதில்லை, நனைந்து குளிரில்தான் சாகிறது.

வளர்ந்த காடைக்கு, அலகால் தள்ளினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள் குழாய் நன்றாகவே ஒத்துவரும், ஐந்தாறு பறவைக்கு ஒன்று இருந்தால் போதும். வீட்டு ஓவர்ஹெட் டேங்கிலிருந்து நேராக லைன் கொடுத்துவிடாதீர்கள். அழுத்தம் தாங்காமல் நிப்பிள் ஒழுகும், அல்லது காடையால் தள்ள முடியாமல் இறுகிப்போகும். கூண்டுக்கு ஒரு அடி, இரண்டு அடி மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து அதிலிருந்து குழாய் விடுங்கள். மருந்து, வைட்டமின் எது கலக்க வேண்டுமென்றாலும் அந்த வாளியிலேயே கலந்துகொள்ளலாம்.

தெர்மாகோல் பெட்டியில் நானே இன்குபேட்டர் செய்து, கடையில் வாங்கிய காடை முட்டை 40 வைத்தேன். 20 நாளாகியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. தெர்மோஸ்டாட் கோளாறா?
– தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படும் முன்பு முட்டையைச் சந்தேகப்படுங்கள். சாப்பாட்டுக்கு விற்கும் முட்டை போடுகிற பண்ணைகளில் பெரும்பாலும் சேவலே விடமாட்டார்கள். சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடும், அதில் கரு இருக்காது. போதாததற்கு அந்த முட்டை கடைக்கு வந்து எத்தனை நாளானது என்றும் தெரியாது. அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு சேவலுக்கு மூன்று பெட்டை வீதம் விட்டு வளர்க்கும் பண்ணையில், அடைக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டிக்கு வருவோம். நீங்கள் சுயமாகச் செய்தது சந்தோஷம், அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் சூட்டைப் பார்த்து பல்பைப் போட்டு அணைக்க, தெர்மோஸ்டாட்டாக நீங்கள் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன டிஜிட்டல் கன்ட்ரோலரில் தெரியும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியையும், கன்ட்ரோலரின் சென்சாரையும் ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி அந்தத் தண்ணீரில் விடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் சரி. கன்ட்ரோலர் ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டினால், அந்த ஒரு டிகிரியைக் கணக்கில் வைத்து செட் செய்யுங்கள். உள்ளே 37.5 டிகிரி வேண்டும். இதில் ஒரு டிகிரி தொடர்ந்து கூடிப்போனாலே பொரிப்பு கெட்டுவிடும்.

சென்சாரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பல்புக்குப் பக்கத்தில் வைத்தால் அது சீக்கிரம் சூடாகி பல்பை அணைத்துவிடும், முட்டை இருக்கும் மூலை குளிர்ந்தே கிடக்கும். முட்டையின் மேல்மட்டத்தில், பல்பின் நேர்ப்பார்வை படாத இடத்தில் கட்டுங்கள். கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று உள்ளே சுற்றினால் எல்லா மூலைக்கும் ஒரே சூடு போகும். ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கட்டும். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் வந்துவிடும். தண்ணீரின் ஆழம் முக்கியமில்லை, தட்டு எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. கடைசி மூன்று நாள் இன்னொரு தட்டு சேர்த்து 70-க்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கவே கூடாது. ஆசையாகத்தான் இருக்கும். திறந்தால் ஈரம் போய், ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

முட்டையின் கூரான பக்கம் கீழே இருக்க வேண்டும். 14-ஆம் நாள் வரை தினமும் குறைந்தது மூன்று நாலு தடவை திருப்புங்கள், பிறகு படுக்க வைத்துவிடுங்கள். 17, 18-ஆம் நாளில் பொரித்துவிடும். கோழி முட்டை மாதிரி டார்ச் அடித்துக் கருவைப் பார்ப்பது காடை முட்டையில் கொஞ்சம் கஷ்டம், ஓட்டின் புள்ளிகள் மறைக்கும். இருட்டு அறையில், வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் அட்டையைச் சுருட்டிய டார்ச்சால் ஏழாம் நாள் பார்த்தால் தெரியும்.

படிப்புக்கு நடுவில் கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வருமானத்துக்கு என்றால், முதல் இரண்டு மூன்று தொகுதிக்கு நாள் குஞ்சாக வாங்கிவிடுவதே லாபம். வளர்க்கக் கற்றுக்கொண்ட பிறகு பொரிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் காடைத் தீவனம் என்று எதுவும் கிடைப்பதில்லை. பிராய்லர் தீவனம் போட்டால் வளருமா? அரைக்க மிஷின் வாங்க வேண்டுமா?
– பரமக்குடி வாசகர்

வளரும், அப்படியே போடாமல் கொஞ்சம் வேலை செய்தால். காடைக்குப் புரதம் அதிகம் வேண்டும். முதல் மூன்று வாரத்துக்கு 27 சதவீதம், அதன்பிறகு 24 என்று நம் பக்கத்தில் பரிந்துரைக்கிறார்கள். பிராய்லர் குஞ்சுக்கான தீவனமான ஸ்டார்ட்டரில் 22, 23 அளவில்தான் இருக்கும். அதனால் 75 கிலோ ஸ்டார்ட்டருக்கு 5 கிலோ புண்ணாக்கு கலந்து போடச் சொல்வார்கள். சோயாப் புண்ணாக்கு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், கலவை ஏறக்குறைய 23-லிருந்து 24-க்குள் வரும், 27-ஐத் தொடாது. நான் சொல்வது, முதல் மூன்று வாரத்துக்கு, பிராய்லர் குஞ்சுக்கு ஸ்டார்ட்டருக்கு முன்பு போடும் பிரீ ஸ்டார்ட்டர் வாங்கி, அதில் 75 கிலோவுக்கு 10 கிலோ சோயாப் புண்ணாக்கு கலந்துகொள்ளுங்கள். 25-க்கு மேலே வந்துவிடும், குஞ்சு நன்றாகவே எடை பிடிக்கும். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் புரத அளவு போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று கலக்க நினைத்தால் பூஞ்சை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கையில் எடுத்து மோந்தாலே மக்கிய வாசனை தெரிந்துவிடும். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

மிஷின் வாங்க வேண்டாம். 100 காடை ஐந்து வாரத்தில் தின்பது மொத்தமாக 50 கிலோ சுற்றித்தான், ஒரே ஒரு மூட்டை. அதற்கு ஒரு மிஷினா? மாவு மில்லில் கொடுத்து, 2 மில்லிமீட்டர் சல்லடை போட்டு அரைத்துத் தரச் சொல்லுங்கள். அரைக்காமல் போட்டால் பெரிய துகளைக் குஞ்சால் விழுங்க முடியாது, பொடியை மட்டும் தின்றுவிட்டு மீதியைக் காலால் சீய்த்துத் தள்ளிவிடும். மாவாக நைசாக அரைத்தாலும் ஆகாது, அலகில் ஒட்டிக்கொள்ளும். ரவைப் பதம் என்று சொன்னால் மில்காரருக்குப் புரியும்.

தீவனம் வீணாவதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. தட்டில் இருக்கும் தீவனத்தின்மேல், தட்டின் அளவுக்கே வெட்டிய அரை அங்குல வலையைப் படுக்கப் போட்டுவிடுங்கள். கொத்தித் தின்ன முடியும், சீய்க்க முடியாது. தீவனம் குறையக் குறைய வலையும் கீழே இறங்கிக்கொண்டே வரும். தட்டைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு துண்டு வலையில் மிச்சமாகும் தீவனத்தைக் கண்ணால் பார்த்தால் விலை அதிகமான தட்டு எதையும் வாங்க மாட்டீர்கள்.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடலோர மாவட்டத்தில் ஈரம் அதிகம் என்பதால் உங்களுக்கு அது இன்னும் அவசியம்.

காடை வளர்க்க வனத்துறை லைசென்ஸ் வேண்டும் என்று பயமுறுத்துகிறார்களே?
– திண்டுக்கல் வாசகர்

ஒரு காலத்தில் சட்டச் சிக்கல் இருந்தது உண்மை. 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதிய ஜப்பானியக் காடைப் பண்ணைகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது. 2013-இல் அந்தத் தடையை விலக்கி, ஜப்பானியக் காடையை வீட்டில் வளர்க்கும் பறவையாகவே எடுத்துக்கொண்டார்கள். அதனால் பண்ணைக் காடைக்கு வனத்துறை லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வயலில், புல்காட்டில் இருக்கும் நாட்டுக் காடையை வலை போட்டுப் பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்காகத்தான் சொல்கிறேன், குஞ்சு வாங்கும்போது பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரித்துக் கறியாக விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

நாலு வாரக் காடைகள் திடீர் திடீரென்று மேலே எகிறி மண்டையை மோதிக்கொள்கின்றன. சிலவற்றுக்கு உச்சந்தலையில் ரத்தம். காலையில் பார்த்தால் இரண்டுக்குக் கால் விரலைக் காணவில்லை. கூண்டில் கோளாறா?
– அந்தியூரிலிருந்து ஒரு வாசகி

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. எகிறுவது காடையின் சுபாவம். பயந்தால் ஓடாது, நெட்டுக்குத்தாக மேலே கிளம்பும். அதைத் தடுக்க முடியாது, மோதினால் அடிபடாமல் பார்த்துக்கொள்ளலாம். கூண்டின் மேல் கம்பிக்கு உள்பக்கமாகச் சணல் சாக்கையோ பழைய கொசுவலையையோ தளர்வாக இழுத்துக் கட்டுங்கள். புதிதாகக் கூண்டு அடிப்பதென்றால், முட்டைக் காடைக்கு உயரத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்துவிட்டால் வேகம் எடுக்கவே இடம் இருக்காது. எதனால் பயப்படுகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் ராத்திரியில் திடீரென்று போடும் லைட், பூனை, பக்கத்தில் வெடிக்கும் பட்டாசு.

விரல் போனது எலியின் வேலை. கூண்டுக்கு அடியிலிருந்து வலை வழியாகக் கடித்து இழுக்கும். கூண்டைத் தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல் இருக்கும்படி கால் வைத்து உயர்த்தி, ஒவ்வொரு காலுக்கும் வழவழப்பான தகரத்தைச் சுற்றி அடித்தால் ஏற முடியாது. கால் நான்கையும் எண்ணெய் கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. எறும்பு சின்ன விஷயமில்லை, குஞ்சின் கண்ணையே தின்றுவிடும். எச்சத் தட்டை வலைக்குக் கொஞ்சம் கீழே போட்டிருந்தால் எலிக்கு அந்தப் பக்கமும் வழி அடைபடும்.

கூண்டைக் கடையில் வாங்குவதைவிட உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் சொல்லி அடிப்பதே எனக்குப் பிடிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் ஆன 50 காடைக்கு நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம் போதும். அடிப்பக்கம் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகாத, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வெல்டு வலை. பின்னல் வலை வேண்டாம், தொய்ந்துபோகும். வலையை வெட்டிய முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்காமல் ராவித் தரச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கையை வலைமேல் வைத்து எல்லாப் பக்கமும் தேய்த்துப் பாருங்கள். உங்கள் கையைக் குத்தினால் அதன் காலையும் குத்தும். கதவு சின்னதாக இருந்தால் பிடிக்கும்போது பறவை இடுக்கில் அடிபடும், இரண்டு கையும் தாராளமாகப் போகும் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். முட்டைக்கென்றால் தரைவலை முன்பக்கம் லேசாகச் சரிந்து, முட்டை வெளியே உருண்டு வரும்படி இருக்கட்டும்.

ஆறு அடுக்குக் கூண்டு வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேல் அடுக்கைப் பார்க்க ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூல் போட்டுப் பார்க்க வேண்டிய காடையை நாம் தினமும் பார்க்க மாட்டோம். நின்றபடி கண்ணுக்கு எட்டுகிற நாலு அடுக்கு போதும்.

எட்டு வாரம் ஆகியும் முட்டை வரவில்லை. எல்லாம் சேவலாக இருக்குமோ?
– செஞ்சி வாசகர்

மார்பைப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல், இளஞ்சிவப்பும் பழுப்புமாக ஒரே நிறத்தில் இருந்தால் சேவல், கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பெட்டை. வெள்ளைக் காடையில் இப்படிப் பார்க்க முடியாது. பெட்டை இருந்தும் முட்டை வரவில்லையென்றால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். முட்டைக் காடைக்கு ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். விடியற்காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு எல்இடி பல்பே போதும். ஆள் மறந்துபோவதால்தான் கெடுகிறது, அதனால் ஒரு டைமர் சுவிட்ச் வாங்கி மாட்டிவிடுங்கள். காடைப் பண்ணையில் கொடுத்த காசுக்கு அதிகமாக உழைக்கும் சாமான் அதுதான்.

தீவனத்தில் கால்சியம் இரண்டரை சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கறிக்காடைத் தீவனத்தையே தொடர்ந்து போட்டால் ஓடு மெலியும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, காடை கோழி மாதிரி காலையில் முட்டையிடாது. பெரும்பாலும் சாயங்காலம் மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் இடும். காலையில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முட்டை இல்லை என்று சொல்லவில்லையே?

காடை வளர்ப்பை முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது? யூடியூப் பார்த்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– விருத்தாசலம், சாத்தூர், கூடலூர் வாசகர்கள்

முதலில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அதற்குப் பல மாவட்டங்களில் பயிற்சி, ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்ட மையத்துக்கு நேரில் போய், காடைப் பயிற்சி எப்போது என்று கேட்டுப் பெயர் எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அங்கே இல்லையென்றால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நாம் சொல்லும் இனங்கள் இந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கியவைதான். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் கல்லூரியையும், கோழிப் பண்ணைச் சாமான் கடைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சாமானைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஊர் இல்லை.

வீட்டிலிருந்தே படிக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் காடை வளர்ப்பு பற்றித் தமிழிலேயே இருக்கிறது. கூண்டு அளவு, தீவனக் கலவை எல்லாம் போட்டிருக்கிறார்கள். அச்செடுத்துக் கொட்டகையில் ஒட்டிவையுங்கள். உத்தரப் பிரதேசம் இஜ்ஜத்நகரில் மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1974-இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானியக் காடை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அந்த இஜ்ஜத்நகருக்குத்தான். சந்தேகம் கேட்க கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

யூடியூபை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூண்டு அடிப்பது, நிப்பிள் மாட்டுவது போன்ற கைவேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட வசதி கிடையாது. மாதம் இத்தனை ஆயிரம் லாபம் என்று தலைப்பு போட்டிருந்தால் மட்டும், அவர் காடை விற்கிறாரா, குஞ்சும் கூண்டும் விற்கிறாரா என்று பார்த்துவிட்டு மேலே பாருங்கள். பயிற்சிக்குப் போனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணையின் முகவரியை அங்கேயே கேட்டு வாங்கி, மழைக்காலத்தில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள்.

நாட்டுக்கோழிக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் காடைக் கூண்டை வைக்கலாமா? இடம் மிச்சமாகுமே.
– பெரம்பலூர் வாசகி

வேண்டாங்க. கோழியின் எச்சத்திலிருந்து காடைக்குக் குடல் நோய்கள் வரும். கோழி தாங்கிக்கொள்ளும் கிருமியைக் காடை தாங்காது, காலையில் தெம்பாக இருந்தது சாயங்காலம் செத்துக்கிடக்கும். காடைக்கு வழக்கமாகத் தடுப்பூசி எதுவும் போடுவதில்லை, அதனால் நம்முடைய சுத்தம்தான் அதற்குப் பாதுகாப்பு. தனி இடம், தனிச் செருப்பு, தனி வாளி, வாசலில் கிருமிநாசினி ஊற்றிய ஒரு தட்டு. காலையில் காடையைப் பார்த்துவிட்டுக் கோழிக்குப் போங்கள், கோழியைப் பார்த்துவிட்டுக் காடைக்குப் போகாதீர்கள். எச்சத் தட்டை ஒருநாள் விட்டு ஒருநாளாவது எடுத்துவிட வேண்டும். கூண்டு உயரத்துக்குக் குனிந்து நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். எடுத்த எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாமல், காய்ந்த இலையோடு கலந்து மக்கவைத்துப் போடுங்கள்.